1-0-1 எழுதினால் போதுமா? மருந்துக் குறிப்பைச் சீட்டிலிருந்து வீடுவரை கொண்டுசேர்க்கும் வழி

மருத்துவர் மனத்தில் நினைப்பது இவ்வளவுதான்: இந்த அம்மாவுக்கு ஐந்து நாளைக்கு, காலையிலும் இரவிலும், சாப்பிட்ட பிறகு ஒரு மாத்திரை. அதைச் சீட்டில் '1-0-1 × 5, பி.சி.' என்று சுருக்குகிறார். மருந்துக்கடையில் இருப்பவர் அதை விரித்துப் படித்து, கவரின் மேல் வேறு விதமாகச் சுருக்கி எழுதுகிறார். வாங்க வந்த மகன் அதைத் தனக்குத் தெரிந்தபடி விளங்கிக்கொண்டு, வீட்டில் வாயால் சொல்கிறான். ராத்திரி எட்டரைக்கு அம்மா மாத்திரை அட்டையைக் கையில் எடுக்கும்போது, அந்த ஒரு செய்தி மூன்று முறை கட்டப்பட்டு மூன்று முறை அவிழ்க்கப்பட்டிருக்கிறது.

தகவல்தொடர்பு பாடத்தில் கட்டுவதைக் குறியாக்கம் என்பார்கள், அவிழ்ப்பதைக் குறிநீக்கம் என்பார்கள். 1948-ல் பெல் ஆய்வகத்தில் இருந்த க்ளாட் ஷானன் இதை ஒரே படமாக வரைந்தார்: செய்தி புறப்படும் இடம், அதைக் குறியாக்கும் கருவி, அது போகும் தடம், குறியை நீக்கும் கருவி, போய்ச்சேரும் இடம், நடுவில் இரைச்சல். அவர் யோசித்தது தந்திக் கம்பியையும் தொலைபேசியையும் பற்றி. செய்தியின் பொருள் என்ன என்பது தன் கணக்கில் சேராது என்று வெளிப்படையாகவே ஒதுக்கிவைத்தார். அந்த இடத்தை 1954-ல் வில்பர் ஷ்ராம் நிரப்பினார். சொல்பவருடைய அனுபவமும் கேட்பவருடைய அனுபவமும் எந்த அளவுக்கு ஒன்றின்மேல் ஒன்று படிகிறதோ, அந்த அளவுக்குத்தான் பொருள் கடக்கும் என்றார். மருந்துக் கவுன்டருக்கு இரண்டு பேரும் வேண்டும். கையெழுத்தும் எண்களும் ஷானன் பக்கம். 'வெறும் வயிறு' என்றால் காபி குடிக்கலாமா என்பது ஷ்ராம் பக்கம்.

இந்தக் குறிப்பு மருந்தாளுநர்கள், செவிலியர்கள், வீட்டில் பெரியவர்களுக்கு மருந்து எடுத்துக்கொடுப்பவர்கள் ஆகியோருக்கானது. எந்த மருந்து, எவ்வளவு என்பது மருத்துவர் தீர்மானிப்பது. தீர்மானித்தது திரியாமல் போய்ச்சேர்வது மற்றவர்கள் கையில் இருக்கிறது.

சீட்டில் கட்டும்போது

மருந்தை கம்பெனிப் பெயரில் இல்லாமல் அதன் பொதுப்பெயரில், தெளிவாக, முடிந்தவரை ஆங்கிலப் பெரிய எழுத்துகளில் எழுதவேண்டும் என்று இந்திய மருத்துவக் கவுன்சில் 2016-ல் விதியைத் திருத்தியது. காரணம் அழகு அல்ல. ஹைட்ராக்சிசின் அரிப்புக்குக் கொடுப்பது, ஹைட்ராலசின் ரத்த அழுத்தத்துக்கு. குளோர்ப்ரோமசின் மனநோய்க்கு, குளோர்ப்ரோபமைடு சர்க்கரைக்கு. கிறுக்கிய கையெழுத்தில் இந்த ஜோடிகளுக்கு முதலும் ஒன்றுபோல, வாலும் ஏறக்குறைய ஒன்றுபோல இருக்கும்.

எண்களில் நடக்கும் தவறுகள் இன்னும் மோசமானவை, ஏனென்றால் தப்பாகப் படித்த எண்ணும் ஓர் ஒழுங்கான எண்ணாகவே தெரியும், சந்தேகமே வராது. கீழே உள்ளவற்றை எழுதுபவர் தவிர்க்கவேண்டும், படிப்பவர் கண்டால் நின்று யோசிக்கவேண்டும்.

- '1.0' என்று எழுதாதீர்கள். புள்ளி மங்கினால் 10. வெறும் '1' போதும்.
- '.5' என்று தொடங்காதீர்கள். புள்ளி மறைந்தால் 5. '0.5' என்றே எழுதுங்கள்.
- இன்சுலினுக்கு 'யூனிட்' என்பதற்குப் பதிலாக ஆங்கில 'யூ' எழுத்தை எண்ணோடு ஒட்டி எழுதினால் அது பூஜ்யமாகத் தெரியும். 4 யூனிட் 40 ஆகிவிடும். சொல்லை முழுதாக எழுதவும்.
- மைக்ரோகிராமுக்கு 'மியூ' குறி போட்டால் மில்லிகிராம் என்று படிக்க வாய்ப்புண்டு. வித்தியாசம் ஆயிரம் மடங்கு.
- 'ஓ.டி.' என்றால் நாளுக்கு ஒருமுறை. கண் மருத்துவச் சீட்டில் அதே எழுத்துகள் வலது கண்ணைக் குறிக்கும்.
- அரை மாத்திரையை '1/2' என்று எழுதினால் வீட்டில் 'ஒன்றோ இரண்டோ' என்று படிப்பவர்கள் உண்டு. 'அரை' என்று எழுத்தில் எழுதுங்கள்.

பி.டி. என்றால் இரண்டு வேளை, டி.டி.எஸ். என்றால் மூன்று, எச்.எஸ். என்றால் படுக்கப்போகும்போது, எஸ்.ஓ.எஸ். என்றால் தேவைப்பட்டால் மட்டும். இவை மருத்துவருக்கும் மருந்தாளுநருக்கும் இடையே ஓடலாம். கவுன்டரைத் தாண்டி வெளியே போகக்கூடாது.

நம் ஊரில் பழகிப்போன 1-0-1 முறை உண்மையிலேயே நல்ல குறி. காலை, மதியம், இரவு என்ற வரிசை எந்த மொழிக்காரருக்கும் புரியும். அதற்குள் ஒரு சோதனையும் ஒளிந்திருக்கிறது: ஒரு நாளைக்கு எத்தனை, அதை எத்தனை நாளால் பெருக்கினால் மொத்தம். 1-0-1 ஐந்து நாளைக்கு என்றால் 10 மாத்திரை. சீட்டில் மொத்தம் 15 என்று இருந்தால், ஒன்று, அந்த மொத்தம் தப்பு, இல்லையென்றால் நடுவில் இருப்பது பூஜ்யம் இல்லை, 1. மருந்து எடுக்கும் முன் இந்தப் பெருக்கலைப் போட்டுவிடுங்கள். பத்து நொடி ஆகாது. ஒரே தகவலை இரண்டு விதமாகச் சொல்லிவைத்தால் ஒன்று கெடும்போது மற்றது காட்டிக்கொடுக்கும். சீட்டில் 'ரத்த அழுத்தத்துக்கு', 'அரிப்புக்கு' என்று காரணத்தையும் சேர்த்து எழுதச்சொல்வது அதற்காகத்தான். அரிப்பு என்று எழுதியிருக்கும் இடத்தில் ஹைட்ராலசினை யாரும் எடுத்துக்கொடுக்கமாட்டார்கள்.

மில்லியும் ஸ்பூனும்

குழந்தைகளின் காய்ச்சல் மருந்தைவிட நல்ல உதாரணம் இதற்குக் கிடைக்காது. பாராசிட்டமால் பொதுவாக ஒரு வேளைக்கு, குழந்தையின் எடையில் கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம் என்று கணக்கிடப்படுகிறது. 10 கிலோ குழந்தைக்கு 100 முதல் 150 மில்லிகிராம். கடையில் இதே மருந்து மூன்று செறிவில் கிடைக்கும்.

5 மில்லியில் 120 அல்லது 125 மில்லிகிராம் உள்ள சிரப்: இந்தக் குழந்தைக்கு 5 மில்லி சரியாக இருக்கும்.

5 மில்லியில் 250 மில்லிகிராம் உள்ள சிரப்: 2.5 மில்லி போதும். 5 மில்லி கொடுத்தால் கிலோவுக்கு 25 மில்லிகிராம் உள்ளே போய்விடும்.

1 மில்லியில் 100 மில்லிகிராம் உள்ள சொட்டு மருந்து: 1.2 மில்லி. 'ஒரு ஸ்பூன்' என்று யாரோ சொன்னதை நம்பி இதில் 5 மில்லி கொடுத்தால் 500 மில்லிகிராம்.

ஆக, 'ஒரு ஸ்பூன் காய்ச்சல் மருந்து' என்ற வாக்கியத்தில் மூன்று வெவ்வேறு அளவுகள் இருக்கின்றன. எது என்பதைப் புட்டிதான் சொல்லும், வாக்கியம் சொல்லாது. போன மாதம் வாங்கிய புட்டிக்குச் சொன்ன அளவை இந்த மாதப் புட்டிக்கு அப்படியே போடுவதும் இதே தவறுதான். எனவே அளவைச் சொல்லும்போது மில்லிகிராம், மில்லி, புட்டியின் செறிவு மூன்றையும் சேர்த்தே எழுதவேண்டும்: '125 மில்லிகிராம், அதாவது இந்தப் புட்டியில் 5 மில்லி'.

ஸ்பூன் என்ற சொல்லையே விட்டுவிடலாம். அளவுக் கணக்கில் ஒரு டீஸ்பூன் 5 மில்லி. வீட்டில் இருப்பதோ சர்க்கரை ஸ்பூன், ஊறுகாய் ஸ்பூன், பாயச ஸ்பூன். ஒவ்வொன்றும் ஒவ்வோர் அளவு கொள்ளும். புட்டியோடு வரும் மூடிக்கோப்பையில் 5 மில்லி கோட்டின் மேல் பேனாவால் ஒரு கோடு இழுத்துக் கொடுங்கள். சின்னக் குழந்தைக்கு ஊசியில்லாத சிரிஞ்சு இன்னும் நல்லது. கோப்பையைக் கண் மட்டத்தில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். மேலிருந்து எட்டிப்பார்த்தால் அளவு மாறித் தெரியும்.

உப்புச்சர்க்கரைக் கரைசல் பொட்டலமும் இப்படித்தான். பெரிய பொட்டலம் 1 லிட்டர் தண்ணீருக்கு, சிறியது 200 மில்லிக்கு. 'ஒரு சொம்புத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள்' என்றால் யார் வீட்டுச் சொம்பு? தண்ணீர் குறைந்தால் கரைசல் உப்புக் கரித்து, வயிற்றுப்போக்கில் கிடக்கும் குழந்தைக்குக் கெடுதலாக முடியும். 1 லிட்டர் குடிநீர் பாட்டில் இன்று எல்லா வீட்டிலும் கிடக்கிறது. அதையே அளவாகச் சொல்லலாம்.

இன்சுலினில் கருவியே குறியின் ஒரு பகுதி. இங்கே புட்டியில் வருவது பெரும்பாலும் மில்லிக்கு 40 யூனிட், பேனா வடிவ ஊசிக்கருவிக்கான கார்ட்ரிட்ஜில் (கருவிக்குள் பொருத்தும் மருந்துக் குழாய்) வருவது மில்லிக்கு 100 யூனிட். 40-க்கான சிரிஞ்சுக்குச் சிவப்பு மூடி, 100-க்கானதற்கு ஆரஞ்சு மூடி. பேனா பழுதாகிவிட்டது என்று கார்ட்ரிட்ஜிலிருந்து சிவப்பு மூடிச் சிரிஞ்சில் 20-ஆவது கோடுவரை இழுத்தால் உள்ளே வருவது அரை மில்லி, அதாவது 50 யூனிட். இரண்டரை மடங்கு. சர்க்கரை தாழ்ந்து மயங்கி விழ அது போதும். சிரிஞ்சு கொடுக்கும்போது புட்டியையும் கொண்டுவரச் சொல்லி, இரண்டிலும் இருக்கும் எண்ணை ஒப்பிட்டுவிட்டுத்தான் கொடுக்கவேண்டும்.

கேட்பவர் காதில் அந்தச் சொல் என்னவாக விழுகிறது

'வெறும் வயிற்றில்' என்று தைராய்டு மாத்திரைக்குச் சொல்கிறோம். நம் வீடுகளில் வெறும் வயிறு என்றால் இட்லி சாப்பிடாத வயிறு. காபி கணக்கில் வராது. 'காபி மட்டும் குடிச்சிருக்கேன், இன்னும் ஒன்னும் சாப்பிடலை' என்பதுதான் வழக்கு. ஆனால் காபி அந்த மாத்திரை உடலில் ஏறுவதைக் குறைக்கும். எனவே சொல்லவேண்டியது: 'எழுந்ததும் வெறும் தண்ணீரோடு மாத்திரை. அப்புறம் அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் கழித்துத்தான் காபி, டீ, பால், டிபன் எல்லாம். சுண்ணாம்புச் சத்து, இரும்புச் சத்து மாத்திரைகள் இருந்தால் நான்கு மணி நேரம் தள்ளி.'

'மூன்று வேளை' என்றால் மூன்று சாப்பாடு என்று பொருள்படும். காலை ஒன்பது, மதியம் ஒன்று, இரவு ஒன்பது என்று போட்டால் நடுவில் ஒரு இடைவெளி நான்கு மணி நேரம், இன்னொன்று பன்னிரண்டு. எட்டு மணி நேரத்துக்கு ஒருமுறை போட்டாகவேண்டிய மருந்தாக இருந்தால் கடிகார நேரத்தையே எழுதுங்கள்: காலை 6, மதியம் 2, இரவு 10. சாப்பாட்டோடு போகும் மருந்துக்கு 'வேளை' என்ற சொல்லே நன்று. அங்கே கடிகாரம் குழப்பும்.

'வாரம் ஒருமுறை' என்பது ஆபத்தான இடம். மூட்டுவாதத்துக்கும் சோரியாசிஸுக்கும் தரும் மெத்தோட்ரெக்சேட் அப்படிப்பட்ட மருந்து. மாத்திரை என்றாலே தினம் போடுவது என்ற பழக்கம் வலுவானது. இதைத் தினம் போட்டு எலும்பு மஜ்ஜை பாதித்து இறந்தவர்கள் பல நாடுகளில் உண்டு. கிழமையைப் பெயர் சொல்லி எழுதவேண்டும்: 'செவ்வாய்க்கிழமை மட்டும். மற்ற நாள் தொடவேண்டாம்.' ஆங்கிலச் சுருக்கத்தில் செவ்வாயும் வியாழனும் ஒரே எழுத்தில் தொடங்குவதால் கிழமையைத் தமிழில் முழுதாக எழுதுவதே பத்திரம்.

எந்த வழியாக உள்ளே போகவேண்டும் என்பதையும் சொல்லியாகவேண்டும். 'மாத்திரை போடுங்க' என்றால் தமிழில் விழுங்கு என்று அர்த்தம். இன்ஹேலர் கருவியில் போட்டு உறிஞ்சவேண்டிய கேப்ஸ்யூலைத் தண்ணீர் விட்டு விழுங்குவது அடிக்கடி நடக்கும் தப்பு. நாக்கின் அடியில் வைப்பது, ஆசனவாயில் வைப்பது எல்லாம் கூச்சப்படாமல் சொல்லவேண்டியவை. கூச்சத்தில் 'உள்ள வச்சுக்கோங்க' என்று முணுமுணுத்தால் அது வாய்க்குத்தான் போகும்.

கேட்காமல் விட்ட கேள்விகளையும் முன்கூட்டிச் சொல்லிவிடுவது நல்லது. காசநோய்க்குத் தரும் ரிஃபாம்பிசின் சிறுநீரை ஆரஞ்சுச் சிவப்பாக்கும். இரும்புச் சத்து மாத்திரை மலத்தைக் கறுப்பாக்கும். சொல்லாவிட்டால், பார்த்தவர் அதை ரத்தம் என்று படித்து மருந்தை நிறுத்திவிடுவார். அடுத்தது பத்தியம். மருந்து என்றாலே பத்தியம் உண்டு என்பது நம் ஊர்க் கணக்கு. நீங்கள் அதைப் பற்றி வாயே திறக்காவிட்டால், வீட்டில் யாராவது முட்டையையும் தயிரையும் நிறுத்திவிடுவார்கள். 'இதுக்குப் பத்தியம் எதுவும் கிடையாது, வழக்கம்போலச் சாப்பிடலாம்' என்ற ஒரு வரியும் செய்திதான்.

கவரின் மேல்

மருந்து ஒன்றுக்கு ஒரு கவர். அதன்மேல் நீலம் அல்லது கறுப்பு மையில், இந்த வரிசையில்: எதற்கான மருந்து, எத்தனை, எப்போது, சாப்பாட்டுக்கு முன்னா பின்னா, எந்தத் தேதிவரை. 'ஐந்து நாள்' என்பதைவிட 'வெள்ளிக்கிழமை இரவுவரை' மேல், எண்ணிக்கொண்டே வரவேண்டியதில்லை. படிக்கத் தெரியாதவருக்குச் சூரியன், உச்சிச் சூரியன், பிறை மூன்றையும் வரைந்து, ஒவ்வொன்றின் கீழும் மாத்திரைக்கு ஒரு வட்டம், அரை மாத்திரைக்கு அரை வட்டம். இரண்டு சூரியனையும் குழப்பிக்கொள்வார் என்று தோன்றினால் மதியத்துக்குச் சோற்றுத் தட்டு வரையலாம்.

'வெள்ளை மாத்திரை காலையில், மஞ்சள் மாத்திரை ராத்திரி' என்று நிறத்தை அடையாளமாகக் கொடுக்கவேண்டாம். அடுத்த மாதம் வேறு கம்பெனி மாத்திரை வந்தால் நிறம் மாறிவிடும்.

அட்டையை வெட்டிக் கொடுக்கும்போது பெயரும் காலாவதித் தேதியும் உள்ள முனையை வாங்குபவருக்குக் கொடுக்கிறார்களா, கடையில் மிஞ்சுவதில் விடுகிறார்களா என்பது பெரும்பாலும் கத்தரி போன போக்கு. ஒரு பக்கம் மட்டுமே தேதி இருக்கும் அட்டை என்றால், வெட்டும் முன் அதைக் கவரில் எழுதிவிடுங்கள்.

அவிழ்ந்ததா என்று பார்ப்பது

'புரிஞ்சுதா?' என்று கேட்டால் 'ம்' என்றுதான் பதில் வரும். பின்னால் பத்துப் பேர் நிற்கும்போது புரியவில்லை என்று யார் சொல்வார்? தலையாட்டல் நம் ஊரில் 'காதில் விழுந்தது' என்பதற்கும், 'சரி' என்பதற்கும், 'விடுங்க, வீட்ல கேட்டுக்கறேன்' என்பதற்கும் ஒன்றேதான். திருப்பிச் சொல்லவைப்பதுதான் ஒரே வழி. அதையும் பரீட்சைபோல ஆக்காமல் கேட்கவேண்டும்.

'பாட்டி, நான் வேகமா சொல்லிட்டேன். சரியா சொன்னேனான்னு பாக்கணும். இந்த மாத்திரைய வீட்டுக்குப் போய் எப்படிப் போடுவீங்க, சொல்லுங்க.'

'காலைல ஒன்னு, ராத்திரி ஒன்னு.'

'சாப்பிட்டா, சாப்பிடாமயா?'

'ராத்திரி நான் சாப்பிடறதில்லையேப்பா. ரெண்டு வாழைப்பழம்தான்.'

இந்தக் கடைசி வரி எந்தச் சீட்டிலும் இல்லாதது. 'சாப்பாட்டுக்குப் பின்' என்று எழுதியதை அவர் சரியாகவே படித்திருக்கிறார், ஆனால் அவர் இரவில் சாப்பாடு என்று ஒன்று கிடையாது. எனவே மாத்திரையும் கிடையாது. மருத்துவரைக் கேட்டு, பழத்தோடு போடலாம் என்றால் கவரில் 'ராத்திரி: வாழைப்பழம் சாப்பிட்டதும்' என்று மாற்றி எழுதிக் கொடுக்கலாம்.

திருப்பிச் சொல்வது தப்பாக வந்தால் அதே வாக்கியத்தைச் சத்தமாகச் சொல்லாதீர்கள். அவிழாத மூட்டையை இன்னொரு முறை அதேபோலக் கட்டுவதில் பயனில்லை. சொல்லை மாற்றுங்கள், வரைந்து காட்டுங்கள், மாத்திரையைக் கையில் எடுத்துக் காட்டுங்கள். ஒரே மூச்சில் மூன்று விஷயத்துக்கு மேல் சொல்லவும் வேண்டாம். ஏழு மருந்து வாங்குபவர் என்றால் ஆபத்தானவற்றையும் புதியவற்றையும் மட்டும் திருப்பிச் சொல்லவையுங்கள். பழைய மருந்தில் அளவு மாறியிருந்தால் அதுவும் புதியதுதான். சொல்லப்போனால் அதுதான் அதிகம் தவறும், ஏனென்றால் கை பழைய பழக்கத்துக்கே போகும். வாங்க வந்தவர் வேறு, சாப்பிடுபவர் வேறு என்றால் 'வீட்ல யார் எடுத்துக் கொடுப்பாங்க?' என்று முதலிலேயே கேளுங்கள். அவருக்குப் போன் போட்டு அவரிடம் சொன்னால் மூட்டை ஒருமுறை குறைவாகக் கட்டப்படும்.

போனில் கேட்டு எழுதும்போது

சீட்டில் சந்தேகம் வந்தால் மருத்துவரைப் போனில் கேட்கவேண்டியிருக்கும். ஆங்கிலத்தில் ஃபிஃப்டீனும் ஃபிஃப்டியும், சிக்ஸ்டீனும் சிக்ஸ்டியும் காதில் ஒன்றாக விழும். தமிழில் பதினஞ்சு, அம்பது என்றால் குழப்பமே இல்லை. நம் மொழி இங்கே கைகொடுக்கிறது. ஆனால் 'அரை'யும் 'ஆறு'ம் இரைச்சலில் கலக்கும். அரை என்று சொன்னதும் 'பாதி மாத்திரை' என்று இன்னொரு முறையும் சொல்லுங்கள். எண்ணை முழுதாகவும் ஒவ்வோர் இலக்கமாகவும் சொல்வது பாதுகாப்பு: 'பதினஞ்சு, ஒன்னு அஞ்சு'.

முதலில் எழுதுங்கள், பிறகு எழுதியதைப் பார்த்துப் படித்துக் காட்டுங்கள். காதில் கேட்டதை அப்படியே திருப்பிச் சொல்வது சோதனை ஆகாது. எழுதும்போது கை செய்த தப்பு அதில் தெரியாது. மறுமுனையில் இருப்பவர் 'சரி' என்று வாய்விட்டுச் சொன்னபின், கேட்டது யாரிடம், எத்தனை மணிக்கு, என்ன தெளிவுபடுத்தினார் என்பதைச் சீட்டின் ஓரத்திலேயே குறித்துவையுங்கள். அதே சீட்டு அடுத்த மாதம் மருந்து வாங்க வரும். அப்போது கவுன்டரில் வேறு ஆள் இருப்பார்.